ஒரு நகரம், ஒரு நூல்: பொதுநூலகக் கூட்டுவாசிப்புத் திட்டங்களும் நூல்தேர்வின் அறமும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு நகரத்தில் வாழ்வோர் அனைவரும் ஒரே காலத்தில் ஒரே நூலை வாசித்து, அதைப் பற்றிக் கூடிப் பேச வேண்டும் என்னும் நோக்குடைய திட்டம் 1998ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் சியாட்டில் பொதுநூலகத்தில் தோன்றியது. பின்னர் அது சிகாகோ முதலிய பல நகரங்களுக்குப் பரவியது. இத்திட்டங்களைப் பெரும்பாலும் பங்கேற்றோர் எண்ணிக்கையைக் கொண்டே மதிப்பிடுகின்றனர். இக்கட்டுரை அவற்றுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நூல்களின் எடுத்துரைப்பு அமைப்பையும், தேர்வு தொடர்பாக எழுந்த கருத்து மோதல்களையும் திறனாய்வு நோக்கில் அணுகுகிறது. எஸ். ஆர். அரங்கநாதனின் நூலகவியல் விதிகள் இதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன. ஒரு நூலைப் பொதுநூலாக்குவது அது உண்டாக்கும் உடன்பாடன்று. வேறுபட்ட வாசகர் தத்தம் நிலையிலிருந்து பேசுவதற்கு அது தரும் இடமே என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பொதுநூலகம், கூட்டுவாசிப்பு, நூல்தேர்வு, அரங்கநாதன், எடுத்துரைப்பு, வாசகர்.

முன்னுரை

பொதுநூலகம் பல நூல்களின் இருப்பிடம். வேறுபட்ட தேவைகளும் சுவைகளும் உடையோர் தாம் விரும்பியதைத் தேடி எடுத்துச் செல்லும் உரிமையே அதன் அடிப்படை. இத்தகைய ஒரு நிறுவனம் நகரத்தார் அனைவரையும் நோக்கி ஒரே ஒரு நூலை முன்வைத்து, இதனை வாசியுங்கள் என்று அழைப்பது அதன் இயல்புக்கு முரணானதாகத் தோன்றலாம். ஆயினும் கடந்த கால் நூற்றாண்டில் ஆங்கிலம் வழங்கும் நாடுகளின் பொதுநூலகங்கள் மேற்கொண்ட வாசிப்புப் பணிகளுள் இதுவே மிகுதியாகப் பரவியது. இம்முரண் எவ்வாறு எழுந்தது, எந்த நிலையில் அது பயன் தருகிறது, எந்த நிலையில் நூலகத்தின் அடிப்படைக் கடமையையே மறக்கச் செய்கிறது என்பவை ஆராயத்தக்க வினாக்களாகும்.

திட்டத்தின் தோற்றம்

சியாட்டில் பொதுநூலகத்தில் இயங்கிய வாஷிங்டன் நூல் மையத்தின் பொறுப்பில் இருந்த நூலகர் நான்சி பேர்ல் 1998இல் இத்திட்டத்தைத் தொடங்கினார். சியாட்டில் முழுவதும் ஒரே நூலை வாசித்தால் என்ன ஆகும் என்னும் பொருள்பட அதற்குப் பெயரிடப்பட்டது. அப்பெயர் ஒரு நிபந்தனைத் தொடராக அமைந்திருந்தது கருதத்தக்கது. அது ஆணையாக அமையவில்லை. சோதனை செய்து பார்க்கும் மனநிலையையே காட்டியது. முதல் நூலாக ரசல் பேங்க்ஸ் எழுதி 1991இல் வெளிவந்த 'தி ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்' என்னும் நாவல் தேர்ந்தெடுக்கப்பட்டது.

மூன்றாண்டுகள் கழித்து, 2001ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், சிகாகோ பொதுநூலகம் ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலைக் கொண்டு தன் திட்டத்தைத் தொடங்கியது. நகர மேயர் ரிச்சர்ட் எம். டேலியின் ஆதரவு அதற்கு இருந்தது. சியாட்டிலில் நூலகரின் முயற்சியாக இருந்தது சிகாகோவில் நகர நிருவாகத்தின் பொது நிகழ்வாகவும் வளர்ந்தது. அமெரிக்க நூலகச் சங்கம் 2003இல் இத்தகைய திட்டங்களை வகுப்பதற்கான வழிகாட்டியை வெளியிட்டது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தார் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் 'ட்ரெஷர் ஐலண்ட்' நாவலைக் கூடி வாசித்தனர். ஐந்தாண்டுகளுக்குள் ஒரு நூலகத்தின் சோதனை பல நகரங்களின் வழக்கமாயிற்று.

தனிவாசிப்பும் கூட்டுவாசிப்பும்

கூடி ஒரு நூலைக் கேட்டறிதல் தமிழ்ச் சூழலுக்குப் புதியதன்று. திரௌபதி அம்மன் கோயில்களில் நிகழும் பாரதப் பிரசங்கத்திலும், யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணம் படித்துப் பயன் சொல்லும் மரபிலும் ஊரே ஒரு நூலின் முன் கூடுகிறது. ஆனால் அங்கு நூல் முன்னரே முடிவானது. எதைப் படிப்பது என்னும் வினா எழுவதில்லை. படிப்பவர் ஒருவர், பொருள் விரிப்பவர் ஒருவர், கேட்போர் பலர். ஒரு நகரம் ஒரு நூல் திட்டம் இம்மரபிலிருந்து இரு வகைகளில் வேறுபடுகிறது. முதலாவதாக, ஒவ்வொருவரும் நூலைத் தனியே வாசித்து முடித்த பின்னரே கூடுகின்றனர். ஆகவே அவையில் இருக்கும் அனைவரும் தத்தமக்கென ஒரு பொருள்கோளுடன் வருகின்றனர். இரண்டாவதாக, ஒவ்வோர் ஆண்டும் நூல் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். ஆகவே யார் தேர்ந்தெடுப்பது, யாருக்காக என்னும் வினா தவிர்க்க இயலாததாகிறது.

வாசகரைத் தனித்திருந்து மௌனமாகப் படிப்பவராக மட்டுமே காணும் வழக்கத்தை எலிசபெத் லாங், ஹூஸ்டன் நகரப் பெண்களின் வாசிப்புக் குழுக்களை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட நூலில் மறுத்தார். வாசிப்பு சமூக உறவுகளால் தாங்கப்படுவது என்பது அவரது நிலைப்பாடு. டேனியல் ஃபுல்லரும் டெனெல் ரீபெர்க் செடோவும் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஐக்கிய அமெரிக்கா, கனடா, ஐக்கிய இராச்சியம் ஆகிய நாடுகளின் பெருந்திரள் வாசிப்பு நிகழ்வுகளை நேரடியாகக் கண்டு ஆராய்ந்தது. இவ்வாய்வுகள் மக்கள் ஏன் கூடுகின்றனர் என்பதை விளக்குகின்றன. கூடியவர் கையில் இருக்கும் நூல் அக்கூட்டத்தின் தன்மையை எவ்வாறு தீர்மானிக்கிறது என்பது இலக்கியத் திறனாய்வு விடை கூற வேண்டிய வினாவாகும்.

அரங்கநாதன் விதிகளின் வழி ஓர் அளவுகோல்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக 1924இல் பொறுப்பேற்ற எஸ். ஆர். அரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகள், 1931இல் சென்னை நூலகச் சங்கத்தின் வெளியீடாக நூல்வடிவம் பெற்றன. அவற்றுள் இரண்டாம் விதியும் மூன்றாம் விதியும் இங்குக் கருதத்தக்கவை. இரண்டாம் விதி வாசகரிடமிருந்து தொடங்குகிறது. ஒவ்வொருவருக்கும் அவருக்கு உரிய நூல் கிடைக்க வேண்டும் என்கிறது. செல்வர்க்கும் வறியவர்க்கும், ஆடவர்க்கும் பெண்டிர்க்கும், நகரத்தார்க்கும் சிற்றூரார்க்கும் வேறுபாடின்றி நூல் சென்று சேர வேண்டும் என்று அரங்கநாதன் அதனை விரித்துரைத்தார். மூன்றாம் விதி நூலிடமிருந்து தொடங்குகிறது. ஒவ்வொரு நூலும் தனக்கு உரிய வாசகரைச் சென்றடைய வேண்டும் என்கிறது. திறந்த அடுக்குமுறை, விளம்பரம், விரிவாக்கப் பணி முதலியன இவ்விதியின்பாற்படும்.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கும்போது திட்டத்தின் உள்முரண் தெளிவாகிறது. கூட்டுவாசிப்பு மூன்றாம் விதியின் விரிவாக்கப் பணியைச் சேர்ந்தது. ஒரு நூலுக்கு நகரளவில் வாசகரைத் தேடித் தருகிறது. ஆனால் வாசகர் அனைவருக்கும் உரியது ஒரே நூல் என்று அது கருதிவிடுமாயின் இரண்டாம் விதிக்கு எதிராகிறது. ஒரே தலைப்பில் பெருந்தொகையான படிகளை வாங்கும் நூலகம், அத்தொகைக்கு வாங்கியிருக்கக்கூடிய வேறு நூல்களை இழக்கிறது என்னும் நடைமுறைச் சிக்கலும் இதனுள் அடங்கும். எனவே இரு விதிகளும் ஒருங்கே நிறைவேற வேண்டுமானால், தேர்ந்தெடுக்கப்படும் ஒரு நூல் பல வாசகருக்குப் பல நூலாக இயங்கும் தன்மையுடையதாக இருத்தல் வேண்டும். இத்தன்மை நூலின் கருப்பொருளைவிட எடுத்துரைப்பு அமைப்பையே மிகுதியும் சார்ந்தது. திட்டத்தின் முதல் நூலே இதற்குச் சான்றாகிறது.

முதல் நூல்: பிளவுபட்ட ஊர், பிளவுபட்ட எடுத்துரைப்பு

'தி ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்' நாவலின் களம் நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் உள்ள சாம் டென்ட் என்னும் கற்பனைச் சிற்றூர். பனிக்காலக் காலைப் பொழுதில் பள்ளிப் பேருந்து விபத்துக்குள்ளாகிப் பதினான்கு குழந்தைகள் இறக்கின்றனர். இதற்கு யார் பொறுப்பு என்னும் வினாவே நாவலை நடத்திச் செல்கிறது. பேருந்து ஓட்டுநர் டோலரஸ் டிரிஸ்கல், இரு குழந்தைகளை இழந்த தந்தை பில்லி ஆன்செல், இழப்பீட்டு வழக்கு நடத்த வெளியூரிலிருந்து வந்த வழக்கறிஞர் மிட்செல் ஸ்டீவன்ஸ், உயிர்பிழைத்துச் சக்கர நாற்காலியில் வாழும் சிறுமி நிக்கோல் பர்னெல் ஆகிய நால்வரும் தன்மைக் கூற்றாக நிகழ்வை எடுத்துரைக்கின்றனர். இறுதிப் பகுதி மீண்டும் ஓட்டுநரிடம் வந்து முடிகிறது.

நால்வர் கூற்றும் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்துவதில்லை. விபத்து என்ற ஒன்றே இல்லை, எல்லாவற்றுக்கும் குற்றவாளி உண்டு என்பது வழக்கறிஞரின் உறுதி. வழக்கு தன் ஊரைச் சிதைப்பதாகத் தந்தை காண்கிறார். தன் தந்தையின் கொடுமைக்கு உள்ளான சிறுமி, பேருந்து மிகு விரைவில் சென்றது என்று விசாரணையில் பொய் கூறி வழக்கையே முறித்துவிடுகிறாள். அப்பொய் ஊரை வழக்கிலிருந்து விடுவிக்கிறது. அதன் பழியோ குற்றமற்ற ஓட்டுநர் மேல் விழுகிறது. ஊரின் அமைதி ஒருவர் மீது சுமத்தப்பட்ட அநீதியின் மேல் நிலைகொள்கிறது.

ஒரு நகரத்தை வாசிப்பால் ஒன்றிணைக்கத் தொடங்கிய திட்டம், ஒற்றுமை எவ்வளவு விலை கொடுத்துப் பெறப்படுகிறது என்பதைக் காட்டும் நாவலைத் தன் முதல் நூலாகக் கொண்டது பொருள் பொதிந்தது. நிக்கோலின் பொய் அறமா, பழிவாங்கலா என்னும் வினாவுக்கு நாவல் விடை தரவில்லை. வழக்குத் தொடுத்த பெற்றோரை அது இகழவும் இல்லை, போற்றவும் இல்லை. ஓட்டுநராகவும், தந்தையாகவும், சட்டம் அறிந்தவராகவும், பெரியோரால் வஞ்சிக்கப்பட்ட பிள்ளையாகவும் நின்று வாசிப்பதற்கு நான்கு வாயில்கள் அதில் உள்ளன. கலந்துரையாடல் அவையில் ஒருவர் கூறுவதை மற்றவர் மறுப்பதற்கான அடிப்படை பிரதிக்குள்ளேயே அமைந்திருக்கிறது. இவ்வகையில் அந்நாவல் கூட்டுவாசிப்பின் முன்மாதிரி வடிவமாகவே அமைகிறது.

இரு வழக்குகள், இரு குரல்கள்

சிகாகோவின் முதல் நூலையும் சியாட்டிலின் இரண்டாம் நூலையும் ஒப்பிடுதல் இக்கருத்தை மேலும் தெளிவாக்கும். 1960இல் வெளிவந்த ஹார்ப்பர் லீயின் நாவல், அலபாமா மாநிலத்துக் கற்பனைச் சிற்றூரான மேகோம்பில் 1930களில் நிகழ்வது. செய்யாத குற்றத்திற்காகத் தண்டிக்கப்படும் கறுப்பினத்தவரான டாம் ராபின்சனின் வழக்கு அதன் நடுவமாகும். கதையைக் கூறுபவள் அவருக்காக வாதாடும் வெள்ளையின வழக்கறிஞர் அட்டிகஸ் ஃபிஞ்சின் மகள். 1999இல் சியாட்டில் தேர்ந்தெடுத்த எர்னஸ்ட் ஜே. கெய்ன்சின் 'எ லெசன் பிஃபோர் டையிங்' 1993இல் வெளிவந்தது. லூசியானா மாநிலத்தில் 1940களில் நிகழும் அந்நாவலிலும் குற்றமற்ற கறுப்பின இளைஞன் ஒருவன் கொலைக்குற்றத்திற்காக மரண தண்டனை பெறுகிறான்.

இரு நாவல்களின் கருப்பொருளும் ஏறத்தாழ ஒன்றே; எடுத்துரைப்பின் நிலைக்களன் வேறு. லீயின் நாவலில் அநீதியைக் காணும் கண் வெள்ளையினக் குழந்தையுடையது. வாசகர் அக்குழந்தையுடன் வளர்ந்து, அவள் தந்தையின் நேர்மையைப் போற்றி, அநீதிக்காக வருந்தி நூலை முடிக்கிறார். டாம் ராபின்சனின் உள்ளம் வாசகருக்குப் பெரும்பாலும் மூடியே இருக்கிறது. கெய்ன்சின் நாவலைக் கூறுபவர் கிராண்ட் விக்கின்ஸ் என்னும் கறுப்பின ஆசிரியர். தண்டனையிலிருந்து காப்பதற்காக ஜெஃபர்சனை அவன் தரப்பு வழக்கறிஞரே நீதிமன்றத்தில் விலங்கோடு ஒப்பிட்டு இழிவுபடுத்தியிருக்கிறார். சாவதற்கு முன் அவன் தன்னை மனிதனாக உணர வேண்டும் என்பது அவனை வளர்த்த மூதாட்டியின் வேண்டுகோள். அப்பணியை விருப்பமின்றி ஏற்கும் ஆசிரியர் நற்பண்புகளின் உருவமல்லர். சினமும் சலிப்பும் தன்னிகழ்ச்சியும் உடையவர். இறுதியில் ஜெஃபர்சன் சிறையில் எழுதிய குறிப்பேடு, அவனுக்குத் தெரிந்த எழுத்துமுறையிலேயே, பிழைதிருத்தமின்றி ஓர் இயலாக வைக்கப்படுகிறது. அதுவரை பிறர் பேசப் பேசப்பட்டவன் அங்குத் தானே பேசுகிறான்.

சிகாகோவின் மக்கள்தொகையில் 2000ஆம் ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவர். அத்தகைய நகரம் முழுவதும் லீயின் நாவலை வாசித்தபோது, ஒரு பகுதியினருக்கு அது மனச்சான்றைத் தட்டியெழுப்பும் கதையாகவும், மற்றொரு பகுதியினருக்குத் தம் முன்னோர் குரலற்று நிற்கும் கதையாகவும் இருந்திருக்க வாய்ப்புண்டு. இவ்வேறுபாடு அந்நாவலைத் தகுதியற்றதாக்கிவிடாது. இனவெறியைப் பற்றிய பேச்சை வகுப்பறைக்கு அப்பால் கொண்டுசென்ற பெருமை அதற்குண்டு. ஆனால் அந்த வேறுபாட்டையே கலந்துரையாடலின் பொருளாக்குவதற்கான கருவியைப் பிரதி குறைவாகவே தருகிறது. அதனை நடத்துநர் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியுள்ளது.

இங்கு ஒரு வரலாற்று உண்மையையும் நினைவுகூர்தல் வேண்டும். லீயின் நாவல் வெளிவந்ததற்கு அடுத்த ஆண்டு, 1961 மார்ச்சில், மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரில் டுகலூ கல்லூரியின் கறுப்பின மாணவர் ஒன்பதின்மர் வெள்ளையினத்தவருக்கென ஒதுக்கப்பட்டிருந்த பொதுநூலகத்தில் அமர்ந்து நூல் வாசித்தமைக்காகக் கைது செய்யப்பட்டனர். நகரத்தார் அனைவரும் என்று கூறும் உரிமை நூலகத்திற்கு இயல்பாக வாய்த்ததன்று, போராட்டத்தால் பெறப்பட்டது. எனவே அச்சொல்லை யார் குரலில் கூறுவது என்பது நூல்தேர்வில் புறக்கணிக்கக்கூடிய நுணுக்கமன்று.

நியூயார்க் 2002: தோல்வியின் பயன்

நியூயார்க் நகரம் 2002இல் இத்திட்டத்தை மேற்கொள்ள முனைந்தபோது தேர்வுக்குழு இரு நூல்களுக்கிடையே பிளவுபட்டது. ஒன்று, சாங்-ரே லீ 1995இல் வெளியிட்ட 'நேட்டிவ் ஸ்பீக்கர்'. கொரிய அமெரிக்கரான ஹென்றி பார்க் தன் இனத்தைச் சேர்ந்த அரசியல்வாதி ஒருவரை உளவு பார்க்கும் கதை அது. மற்றொன்று, ஜேம்ஸ் மெக்பிரைட் தம் தாயைப் பற்றி எழுதி 1996இல் வெளிவந்த 'தி கலர் ஆஃப் வாட்டர்'. யூத சமய குருவின் மகளாகப் பிறந்து கறுப்பினத்தவரை மணந்த பெண்ணின் வாழ்க்கையை அது கூறுகிறது. முதல் நூல் ஆசிய அமெரிக்கரையும், இரண்டாம் நூல் மரபுவழி யூதரையும் புண்படுத்தக்கூடும் என்னும் அச்சங்கள் முன்வைக்கப்பட்டன. இறுதியில் ஒரே நூலில் உடன்பாடு எட்டப்படவில்லை.

இதனையொட்டித் திட்டத்தின் அடிப்படையையே மறுத்த குரல்களும் எழுந்தன. திறனாய்வாளர் ஹெரால்ட் புளூம், மக்கள் திரளாக ஒரே நூலை வாசிப்பதை அனைவரும் ஒரே துரித உணவை உண்ணக் கிளம்புவதோடு ஒப்பிட்டு இகழ்ந்தார். வாசிப்பு தனிமனிதரின் அகத்தேடல் என்னும் அவரது நிலைப்பாட்டிலிருந்து நோக்கினால் இம்மறுப்பு இயல்பானதே. ஆயினும் ஒரே நூலை வாசித்தலும் ஒரே வகையில் வாசித்தலும் வேறுவேறானவை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியமை அவரது மறுப்பின் குறை. தேர்வுக்குழுவின் தயக்கத்திலும் இதே குறை வேறு வடிவில் உள்ளது. புண்படுத்தாத நூலைத் தேடியவர்கள், நூலை வாசிக்கும் ஓர் இனத்தார் அனைவரும் ஒரே வகையில் புண்படுவர் என்று முன்கூட்டியே முடிவு செய்தனர். புளூம் கூட்டத்தை ஐயுற்றார்; குழுவினர் கூட்டத்தை அஞ்சினர். இரு சாராரும் கூட்டத்துக்குள் இருக்கும் தனி வாசகரைக் காணத் தவறினர்.

கைவிடப்பட்ட இரு நூல்களுமே நியூயார்க்கின் வாழ்வோடு நெருங்கியவை என்பது கருதத்தக்கது. புலம்பெயர்ந்தோர் நகரத்தின் மொழியைப் பேசக் கற்பதன் வலியையும், இனமும் சமயமும் கடந்த குடும்பத்தின் மறைக்கப்பட்ட வரலாற்றையும் அவை பேசுகின்றன. அவற்றை விலக்கத் தூண்டிய காரணங்களே அவற்றைக் கூடி வாசிக்க வேண்டியதற்கான காரணங்களாகும். தேர்வு தொடர்பான இந்த வாக்குவாதம் மூடிய அறையில் நிகழாமல் நூலகக் கூடங்களில் இரு நூல்களையும் வாசித்தோரிடையே நிகழ்ந்திருக்குமாயின், திட்டத்தின் நோக்கம் அதன் தோல்வியினாலேயே நிறைவேறியிருக்கும்.

எண்ணிக்கையின் பிடி

கலைகளுக்கான அமெரிக்கத் தேசிய நிதியம் 2004இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, இலக்கிய நூல் வாசிக்கும் வயதுவந்தோரின் விகிதம் 1982இல் 56.9 விழுக்காடாக இருந்து 2002இல் 46.7 விழுக்காடாகக் குறைந்ததாகக் காட்டியது. இதனைத் தொடர்ந்து 2006இல் நிதியம் 'தி பிக் ரீட்' என்னும் நாடளாவிய திட்டத்தைத் தொடங்கியது. நிதியுதவி பெறும் நூலகங்களும் பிற அமைப்புகளும் நிதியம் வகுத்த பட்டியலிலிருந்து ஒரு நூலைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. வாசகர் வழிகாட்டி, ஆசிரியர் வழிகாட்டி, ஒலிக் குறுந்தகடு ஆகியனவும் வழங்கப்பட்டன. 2008ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவ்விகிதம் 50.2 விழுக்காடாக உயர்ந்திருந்தது. அவ்வுயர்வில் கூட்டுவாசிப்புத் திட்டங்களின் பங்கு எவ்வளவு என்பதை அவ்வெண் தனித்துக் காட்டுவதில்லை.

வாசிப்பு குறைகிறது என்னும் கவலையில் பிறந்த திட்டம் வாசகர் எண்ணிக்கையைத் தன் வெற்றியின் அடையாளமாகக் கொள்வது இயல்பு. ஆனால் அதன் விளைவாகத் தேர்வு உள்ளூர் நூலகரிடமிருந்து பட்டியலுக்கு நகர்கிறது. முன்னரே வகுக்கப்பட்ட கலந்துரையாடல் வினாக்கள் எல்லா ஊர்களுக்கும் பொதுவாகச் செல்கின்றன. சிறிய ஊர் நூலகத்திற்கு நிதியும் படிகளும் கிடைப்பது மெய்யான நன்மை. பல ஊர்களில் அவ்வுதவியின்றி எந்நிகழ்வும் நடந்திராது. எனினும் எத்தனை பேர் வந்தனர் என்பதைப் பதிவு செய்யும் படிவம், வந்தவருள் எத்தனை பேர் பேசினர், யார் வரவில்லை, எந்தக் கருத்து அவையில் முதன்முறையாக ஒலித்தது என்பவற்றைப் பதிவு செய்வதில்லை. அரங்கநாதனின் இரண்டாம் விதி வராத வாசகரைப் பற்றிய கவலையிலிருந்தே எழுந்தது என்பதை இங்கு நினைத்தல் தகும்.

நகரம் தன்னையே வாசித்தல்

திட்டம் தன் முரணைக் கடந்த சில தருணங்களும் உண்டு. சியாட்டில் 2005இல் தேர்ந்தெடுத்த நூல் ஜூலி ஒட்சுகாவின் 'வென் தி எம்பரர் வாஸ் டிவைன்'. இரண்டாம் உலகப்போரின்போது ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் அமெரிக்க அரசால் வெளியேற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்ட கொடுமையை 2002இல் வெளிவந்த அந்நாவல் பேசுகிறது. அதன் குடும்பம் கலிபோர்னியாவைச் சேர்ந்தது. முகாம் யூட்டா பாலைவனத்தில் உள்ளது. ஆனால் 1942 மார்ச் 30 அன்று முதன்முதலாக வெளியேற்றப்பட்டோர் சியாட்டிலுக்கு எதிர்க்கரையில் உள்ள பெயின்பிரிட்ஜ் தீவினர். நாவல் அக்குடும்பத்தினருக்குப் பெயர் சூட்டவில்லை. தாய், மகள், மகன், தந்தை என்றே அவர்கள் சுட்டப்படுகின்றனர். பெயரின்மை வாசகரை இரு நிலைகளுக்கு அழைக்கிறது. வெளியேற்றப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அவ்வெற்றிடத்தில் தம் குடும்பத்தாரின் பெயரை இட்டு நிரப்பலாம். மற்றவர்கள், அடுத்த வீட்டில் இருந்தவர் பெயரைத் தம் குடும்பத்தார் ஏன் மறந்தனர் என்று கேட்டுக்கொள்ளலாம். ஒரே நூல் இருவர்க்கும் இரு நூலாகிறது.

சிகாகோவும் 2013இல் ஒற்றை நூலுடன் ஓராண்டுக் காலத்துக்கு ஒரு கருப்பொருளையும் இணைத்தது. இடப்பெயர்வு என்னும் அக்கருப்பொருளுக்கு இசபெல் வில்கர்சனின் 'தி வார்ம்த் ஆஃப் அதர் சன்ஸ்' தேர்ந்தெடுக்கப்பட்டது. 1915 முதல் 1970 வரை ஏறத்தாழ அறுபது இலட்சம் கறுப்பினத்தவர் தென்மாநிலங்களைவிட்டு வெளியேறிய வரலாற்றை மூவரின் வாழ்க்கை வழியாக அந்நூல் கூறுகிறது. அம்மூவருள் ஒருவர் மிசிசிப்பியிலிருந்து சிகாகோ வந்து வாழ்ந்த பெண். 2001இல் அலபாமா நீதிமன்றத்தில் பேசப்பட்டவராக இருந்த மக்கள் 2013இல் தம் கதையின் நடுவத்துக்கு வந்தனர். கருப்பொருள் ஒன்று சேர்க்கப்பட்டமையால் வேறு நூல்களுக்கும் வேறு குடியேறிகளின் கதைகளுக்கும் கதவு திறந்தது. ஒரு நூல் நூலகத்தின் மற்ற அடுக்குகளுக்கு வழிகாட்டும் வாயிலானது. இரண்டாம் விதியும் மூன்றாம் விதியும் பொருந்தி நிற்கும் வடிவம் இதுவே.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. ஒரு நகரம் ஒரு நூல் திட்டங்களின் மதிப்பை வாசகர் எண்ணிக்கை மட்டும் தீர்மானிக்காது. பல கூற்றாளர்களையோ, திறந்த முடிவையோ, வாசகர் புகுந்து நிரப்பும் இடைவெளிகளையோ உடைய நூல்கள் கூட்டுவாசிப்புக்கு ஏற்றவையாக அமைகின்றன. அனைவருக்கும் உரிய அநீதிக் கதையாயினும், அதனை யார் குரல் கூறுகிறது என்பது யார் அவையில் பேசுவர் என்பதைப் பாதிக்கிறது. புண்படுத்தாமை தேர்வின் முதல் அளவுகோலாகும்போது, கூடிப் பேச வேண்டியவையே விலக்கப்படுகின்றன. தேர்வு அந்தந்த ஊரின் வரலாற்றோடு பிணைந்திருக்கும்போது நூல் பல வாசகருக்குப் பல நூலாக விரிகிறது.

இவற்றுள் எதுவும் தேர்வுப் பொறுப்பை எளிதாக்குவதில்லை. ஒரு நூலைத் தேர்வது பிறவற்றை விலக்குவதுமாகும். அவ்விலக்கலுக்கு நூலகம் தன் வாசகருக்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளது. ஆகவே தேர்வுக்கான காரணங்களும், பரிசீலித்து விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலும் தேர்ந்த நூலுடனேயே வாசகர் முன் வைக்கப்படுதல் வேண்டும். விலக்கப்பட்ட நூல்கள் அதே கூடத்தின் அடுக்கில் எளிதில் கைக்கு எட்டும் வகையில் இருத்தலும் வேண்டும். தேர்ந்த நூல் பிடிக்காதவருக்கும் அவருக்குரிய நூல் அங்குக் கிடைக்கிறது. ஏன் பிடிக்கவில்லை என்று அவர் அவையில் கூறுவதற்கு ஓர் இருக்கையும் கிடைக்கிறது.